டயர்கள் போய்க் கார்கள் வந்த முற்றம்: லூயிஜீஸ் ராலிக்கின் ரோட்ஸ்டர்ஸ்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில், இரண்டு டிஸ்னி பூங்காக்கள் எதிரெதிரே வாசல் வைத்து நிற்கின்றன. அவற்றுள் இளையதான டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சரில், ‘கார்ஸ்’ திரைப்படத்தில் வரும் பாலைவனச் சிற்றூரைக் கட்டி எழுப்பியிருக்கும் கார்ஸ் லேண்ட் என்ற பகுதியில், லூயிஜி என்னும் டயர் வியாபாரியின் கடை இருக்கிறது. அந்தக் கடையின் பின்முற்றத்தில் 2012 ஜூன் 15 அன்று ஒரு ராட்டினம் திறக்கப்பட்டது. மூன்றாண்டு நிறைவதற்குள், 2015 பிப்ரவரியில், அது மூடப்பட்டது. 2016 மார்ச் 7 முதல் அதே இடத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மதிப்புரை இரண்டாவது ராட்டினத்தைப் பற்றியதுதான் என்றாலும், முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் அதை எடைபோட இயலாது.

உயரமும் தண்டவாளமும் இல்லாமல் ஒரே தளத்தில் சுழன்றோ ஆடியோ நகரும் ராட்டினங்களைப் பூங்காத் துறையில் ஃப்ளாட் ரைடு என்பார்கள். இத்தகைய ஒன்றை அகற்றும் பூங்காக்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் பூச்செடி வைத்துவிடும், அல்லது தயாரிப்பாளரின் பட்டியலிலிருந்து ஆயத்தமான ஒன்றை வாங்கி நிறுத்திவிடும். ஏறத்தாழ 110 கோடி டாலர் மதிப்பிலான விரிவாக்கத்தின் பகுதியாக எழுந்த கார்ஸ் லேண்டில் அந்த இரண்டுக்கும் இடமில்லை. கடையும், அதன் முகப்பில் சாய்ந்து நிற்கும் டயர்க் கோபுரமும், வரிசையில் வருபவர்கள் கடக்கும் அறைகளும், கார் வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகள் நிற்கும் தோட்டமும் அப்படியே இருக்க, நடுவில் இருக்கும் தளத்தில் நடப்பதை மட்டும் மாற்றியாக வேண்டியிருந்தது.

முதலில் அங்கே இருந்தது லூயிஜீஸ் ஃப்ளையிங் டயர்ஸ். இருவர் அமரக்கூடிய பெரிய டயர் ஒன்று; ஸ்டியரிங் கிடையாது, மிதிப்பதற்கு எதுவும் கிடையாது. தரையில் இருந்த ஆயிரக்கணக்கான துளைகளின் வழியே பீறிட்ட காற்று டயரை ஒரு நூலளவு தூக்கிப் பிடிக்கும். அமர்ந்திருப்பவர்கள் முன்னால் சாய்ந்தால் டயரின் பின்விளிம்பு சற்றே உயரும். அந்த இடைவெளியில் காற்று அதிகமாகப் பின்னோக்கிப் பாய, டயர் முன்னே நகரும். கேட்பதற்கு இதைவிட அழகான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் மிதக்கும் பொருளுக்கு உராய்வு இல்லை என்பதும், அதை நகர்த்துவது எளிது என்பதும் ஒன்றல்ல. உந்துவிசை முழுவதும் அந்தச் சாய்விலிருந்தே வர வேண்டும். அகலமான டயரைச் சாய்க்க ஒரு குழந்தையின் எடை போதாது. பெரியவர்கள் இருவர் அமர்ந்தாலோ, இருவரும் ஒரே கணத்தில் ஒரே திசையில் சாய்ந்தால்தான் பயன், ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தால் ஒருவர் முயற்சியை மற்றவர் முயற்சி தின்றுவிடும். துடுப்பில்லாத பரிசலில் இருவரை ஏற்றிவிட்டு, எடையை மாற்றியே கரைசேருங்கள் என்று சொன்னது போன்ற நிலை அது. பிடி கிடைத்தவர்கள் ஆனந்தமாக வழுக்கிச் சென்று அடுத்த டயரில் மோதினார்கள். கிடைக்காதவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களை ஏறக்குறைய ஏறிய இடத்திலேயே கழித்தார்கள். தொடக்கத்தில் பயணிகள் ஒருவர்மீது ஒருவர் எறிந்து விளையாடப் பெரிய பந்துகளும் விடப்பட்டன. முதல் கோடை முடியுமுன்பே அவையும் திரும்பப் பெறப்பட்டன.

எதிர்வாசலில் இருக்கும் பழைய டிஸ்னிலேண்டில் 1961 முதல் 1966 வரை ஃப்ளையிங் சாசர்ஸ் என்ற பெயரில் இதே கருத்து ஒருமுறை முயன்று பார்க்கப்பட்டதுதான். அங்கே தட்டு தமக்கு நேர் மேலே வந்து நிற்கும்போது மட்டும் திறந்து காற்றை விடும் அடைப்பிதழ்கள் (வால்வுகள்) தரையெங்கும் பதிக்கப்பட்டிருந்தன. அவை அடிக்கடி பழுதாகி வேலையை நிறுத்தின. எனினும் அந்தத் தட்டுகள் ஒருவருக்கானவை. ஓர் உடலின் சாய்வுக்கு ஒரு தட்டு என்ற கணக்கு சரியாக இருந்தது. 46 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது இயந்திரக் கோளாறைப் பெருமளவுக்குத் தீர்த்தவர்கள், இருக்கையை இரண்டாக்கி இந்தக் கணக்கைக் கெடுத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய தட்டுகளை நினைவில் வைத்திருந்தவர்களின் ஏக்கத்துக்காகத் தொடங்கிய ஒன்று, அந்த நினைவே இல்லாத பிள்ளைகளின் கையில் அசையாமல் நின்றது.

இப்போது இருக்கும் லூயிஜீஸ் ராலிக்கின் ரோட்ஸ்டர்ஸ் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலவில்லை. அப்படியே தூக்கி எறிந்துவிட்டது. துளைத் தரை போய், வழவழப்பான திறந்த தளம் வந்திருக்கிறது. அதன்மீது பழைய இத்தாலியச் சிறு கார்களின் சாயலில், கண்ணாடியில் கண்கள் தீட்டிய 20 வண்டிகள் நிற்கின்றன. இத்தாலியின் கார்சோலி என்னும் ஊரிலிருந்து லூயிஜியின் உறவினர்கள் பந்தயநாள் கொண்டாட வந்திருக்கிறார்கள், தங்கள் ஊர் நடனங்களை ஆடிக் காட்டுகிறார்கள் என்பது கதை. இசை தொடங்கியதும் வண்டிகள் தாமாகவே நகர்ந்து, கும்மியில் பெண்கள் வட்டம் கூடி விலகுவதைப்போலக் கூடி, பிரிந்து, தன்னைத்தானே சுற்றி, எதிரில் வருவதை உரசாமல் ஒதுங்கி, ஹாரன் அடித்து ஆடுகின்றன. தண்டவாளம் எதுவும் இல்லை. டோக்கியோ டிஸ்னிலேண்டில் 2000ஆம் ஆண்டில் பூஸ் ஹனி ஹன்ட் என்ற உள்ளரங்க ராட்டினத்தில் வியக்க வைத்த அதே வகைத் தொழில்நுட்பம்தான் இது. ஆனால் அங்கே இருட்டிலும் காட்சி அமைப்புகளுக்கு நடுவிலும் ஓடும் வண்டிகள், இங்கே பட்டப்பகலில், மறைக்க ஒரு திரைகூட இல்லாமல், வேலியோரம் நிற்பவர்கள் அனைவரும் பார்க்க ஓடுகின்றன. அடுத்த கணம் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்க முடியாத அந்த மெல்லிய வியப்பு முதல் சவாரியில் முழுமையாகவே கிடைக்கிறது. பாட்டும் வண்டியும் மாறினால் ஆட்டமும் மாறுவதால், இரண்டாம் முறையும் ஓரளவு புதிதாகவே இருக்கிறது.

குறை எங்கே என்றால், அமர்ந்திருப்பவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. முந்தைய ராட்டினம் பயணியிடம் அளவுக்கு மீறிக் கேட்டது. இது எதுவும் கேட்பதில்லை. உடலைத் தூக்கிப் போடும் வேகமும் கிடையாது என்பதால், பதின்வயதினர் இறங்கும்போது முகத்தில் ஒரு மரியாதையான புன்னகை மட்டுமே இருக்கும். அதே கார்ஸ் லேண்டில் சில அடிகள் தள்ளி ஓடும் மேட்டர்ஸ் ஜங்யார்டு ஜாம்போரீ, தொழில்நுட்பத்தில் எத்தனையோ படிகள் எளியது. குட்டி டிராக்டருக்குப் பின்னால் கட்டிய பெட்டியைத் திருப்பத்தில் வீசியடிக்கும் பழங்காலத்து உத்திதான். ஆயினும் சிரிப்புச் சத்தம் அங்கிருந்துதான் அதிகம் கேட்கிறது. ஒரு ஃப்ளாட் ரைடை மாற்றும்போது எந்த இயந்திரம் வருகிறது என்பதைவிட, பயணியின் உடலுக்கு அது என்ன வேலை கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஏறிப் பார்த்ததே காரணம்.

மற்றொரு நோய் பழையபடியே நீடிக்கிறது. அனைவரும் நடந்து சென்று ஏறி, பட்டை மாட்டி, ஊழியர்கள் ஒவ்வொரு வண்டியாகச் சரிபார்த்து, ஆட்டம் முடிந்ததும் அனைவரும் இறங்கித் தளம் காலியான பிறகே அடுத்த கூட்டம் உள்ளே வர முடியும். இருவர் அமரும் 20 வண்டிகள் என்றால் ஒரு முறைக்கு நாற்பது பேர். ஆடும் நேரமோ இரண்டு நிமிடத்தை ஒட்டியது. வரிசை நீளமாக இல்லாவிட்டாலும் நகர்வது மெதுவாகத்தான் இருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரே வேறுபாடு, முன்பு காத்திருந்தவர்கள் அசையாத டயர்களைப் பார்த்தபடி நின்றார்கள். இப்போது ஒரு நடனத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைச் சிறியதென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஃப்ளையிங் டயர்ஸ் உள்ளே இருப்பவர்களில் சிலருக்கு மட்டும் இன்பம் தந்தது, வெளியில் இருப்பவர்களுக்கு எதுவும் தரவில்லை. ரோட்ஸ்டர்ஸோ தெருவுக்கே ஒரு காட்சியாகிவிட்டது; மாலையில் கார்ஸ் லேண்டின் நியான் விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில், அந்த முற்றத்தில் இசையோடு சுழலும் வண்டிகள் இல்லாமல் அந்தப் பகுதியை இனிக் கற்பனை செய்ய முடியவில்லை. பருவத்துக்கேற்ப மாறவும் இதனால் முடிகிறது: 2016 கிறிஸ்துமஸில் பண்டிகைப் பாடல்களையும், அடுத்த ஆண்டு ஹாலோவீனில் அதற்குரிய பாடல்களையும் அதே தளத்தில், அதே வண்டிகளுக்குப் புதிய ஆட்டத்தோடு ஏற்றினார்கள். காற்றுத் துளைகளால் இதைச் செய்திருக்க முடியாது.

குறைந்தபட்ச உயரம் 32 அங்குலம் என்பதால், பெரிய ராட்டினங்களின் வாசலில் திருப்பி அனுப்பப்படும் மழலைகளுக்கு இது நல்ல இடம். அத்தகைய பிள்ளையுடன் செல்பவர்கள் காலையில் பூங்கா திறந்த உடனேயோ இரவில் கடைசி நேரத்திலோ வரலாம்; மற்ற வேளைகளில், அருகிலுள்ள ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் வரிசையில் நின்று களைத்த கால்களோடு இங்கும் நிற்பது வீண். பெரியவர்கள் மட்டும் செல்லும்போது ஒருமுறை ஏறினால் போதுமானது. இரண்டாவது முறை வேலிக்கு வெளியே, வண்டிகள் வட்டம் கூடும் பக்கமாக நின்று பார்க்கலாம். இந்த ராட்டினம் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரிகிறது.