1969 கமாரோவுக்கு எந்த இன்ஜின்? ஆறு வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

என் 1969 ஷெவர்லே கமாரோவின் பானட்டைத் திறந்ததும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, “ஒரிஜினல் இன்ஜினா?” என்றுதான். இல்லை. நான் வாங்கும்போதே இல்லை. அதனால்தான் எந்த இன்ஜின் வைப்பது என்ற கேள்வியே வந்தது. இன்ஜின் வைத்து ஆறு வருடமாகிவிட்டது. டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து, சம்பாதித்ததில் ஒரு பகுதியைப் பழைய காரில் கொட்டும் நம் ஆட்கள் சிலர் இதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரில் இப்போது இருப்பது என்ன என்று பார்த்துவிடுங்கள். டேஷ்போர்டில் கண்ணாடியை ஒட்டி இருக்கும் தகட்டில் 124379N என்று ஆரம்பித்தால், அது வி-8 கமாரோ, கூபே, 1969 மாடல், ஒஹாயோவின் நார்வுட் ஆலையில் செய்தது. 123 என்று ஆரம்பித்தால் ஆறு சிலிண்டர் கார். எந்த வி-8 என்று அந்த நம்பர் சொல்லாது. சாதாரண காரில் எஸ்.எஸ். (கமாரோவின் அதிக சக்தி கொண்ட ரகம்) பேட்ஜை ஒட்டி விற்கிறவர்களுக்கு இதுதான் வசதி. அடுத்து, வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் கிரீஸ் அப்பிக் கிடக்கும் ஒரு சின்ன சமதளத்தைத் துடைத்துப் பாருங்கள். காரின் சீரியல் நம்பர் அங்கே அடித்திருந்து, தகட்டோடு பொருந்தினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. அந்த இன்ஜினையே பிரித்துச் செய்யுங்கள். லேத் பட்டறையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவினால் அந்த எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் காரில் இருந்ததோ 1980-களின் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றி வைத்த 305 (இந்த எண்கள் இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்). அதன் போர் (சிலிண்டரின் விட்டம்) 3.736 அங்குலம்தான், பெரிய வால்வுக்கு இடம் கிடையாது. அதில் போடும் அதே காசில் 4 அங்குல போர் உள்ள 350-ஐக் கட்டிவிடலாம். ஆக, அது கழிந்தது.

396 பிக் பிளாக்கை (ஷெவர்லேயின் பெரிய, கனமான வி-8 வகை) ஆசைக்குக்கூட நான் நினைக்கவில்லை. ஸ்மால் பிளாக்கைவிட (305, 350 எல்லாம் இந்தச் சின்ன வகைதான்) 100 பவுண்டுக்கு மேல் கூடுதல் எடை, அதுவும் முன் சக்கரத்தின் தலையில். தெரிந்தவர் ஒருவரின் 396 காரை ஓட்டியிருக்கிறேன். நேர்ச்சாலையில் பிரமாதம். வளைவு வந்தால் மூக்கு வெளியே போகிறேன் என்று அடம்பிடிக்கும். அலுமினியத்தில் செய்த இசட்.எல்.1 427 இருந்தால் அந்தக் குறை இருக்காது. ஆனால் ஜி.எம். (ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) அதை வைத்து மொத்தமே 69 கமாரோக்களை மட்டும்தான் செய்தது.

உண்மையான போட்டி எல்.எஸ்.3-க்கும் (ஜி.எம்.மின் புதிய தலைமுறை வி-8) பழைய 350-க்கும்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 1969-ல் இசட்/28 என்ற கமாரோ ரகத்தின் 302 இன்ஜினுக்கு 290 குதிரைத்திறன் என்று போட்டிருப்பார்கள். எல்.எஸ்.3-க்கு 430. இரண்டும் ஒரே தராசில் நிறுத்தியவை அல்ல. 1972-க்கு முன்பு ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் வெறும் இன்ஜினை ஓட்டி அளந்தார்கள். காரில் இருக்கிறபடியே அளக்கும் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. பழைய புத்தகத்தில் இருக்கும் எண்ணை இன்றைய எண்ணோடு வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எல்.எஸ்.3-ஐக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நண்பர் ஒருவர் தன் 1968 கமாரோவில் வைத்திருக்கிறார். 6.2 லிட்டர், முழுக்க அலுமினியம். இரும்பு 350-ஐவிடப் பெரியது, எடை குறைவு. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த பிறகும் சாவியைத் திருப்பினால் அடுத்த நொடி ஓடும். ஹைவேயில் காலனுக்கு 20 மைலைத் தாண்டுகிறது. ஆனால் யானையைவிட அங்குசத்துக்கு அதிகம் அழுத கதை அவருடையது. இன்ஜினைத் தாங்க அடாப்டர் பிளேட், குறுக்குச் சட்டத்தில் இடிக்காத ஆயில் பேன், புது ஹெடர் (புகைக் குழாய்கள்), 58 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும் பம்ப்போடு புது பெட்ரோல் டேங்க், கம்ப்யூட்டர், வயரிங், எலெக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் பெடல், அதற்கு ஒத்துப்போகும் கியர்பாக்ஸ். எல்லாம் முடிந்தபோது சுற்றியிருந்த சாமான்களின் கணக்கு இன்ஜின் விலையை எட்டிவிட்டது. பழைய சில்வராடோ பிக்கப்பிலிருந்து 5.3 லிட்டர் இன்ஜினை மலிவாக எடுத்தாலும் இந்தப் பட்டியலில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இன்ஜின்தான் மலிவு, சீர்வரிசை மலிவில்லை.

நான் எடுத்தது 350, அதுவும் 1980-களின் கடைசியில் வந்த பிளாக். காரணம் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு. 1987 முதல் ஜி.எம். கார்களின் 350-இல் ரோலர் டேப்பெட் (கேமின் மேல் உருண்டு வால்வைத் தள்ளும் பாகம்) வந்துவிட்டது. பழைய தட்டை டேப்பெட் கேமுக்கு ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் வேண்டும், இன்றைய கார் ஆயிலில் அது குறைவு. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் 2,000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடமாவது விடாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். அதில் சறுக்கினால் கேமின் முனை தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜின் முழுக்கப் பரவும். ரோலரில் இந்தத் தலைவலி இல்லை. அந்த வயது பிளாக்கில் பின்பக்க கிராங்க் சீல் ஒரே வளையம் என்பதால் பழைய இரண்டு துண்டு சீல்போல எண்ணெய் கசியாது. ஆனால் ஃபிளெக்ஸ்பிளேட் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு) பழையது சேராது, அதற்கென்றே எடைகட்டியது வாங்க வேண்டும். என் பிளாக்கில் மெக்கானிக்கல் பம்ப்புக்குத் துளை போட்டிருக்கவில்லை. எலெக்ட்ரிக் பம்ப் வைத்தேன்.

அலுமினிய ஹெட், 9.5 கம்ப்ரஷன், கார்புரேட்டர், மிதமான கேம். இந்த ‘மிதமான’ என்பதற்காக இன்ஜின் கட்டியவரோடு நிறையப் பேச வேண்டியிருந்தது. நிற்கும்போது ‘டக்-டக்-டடக்’ என்று நொண்டும் சத்தம்தான் எல்லோருக்கும் பிடிக்கும், அவருக்கும்தான். அந்தச் சத்தம் தரும் கேமில் ஐட்லிங்கில் வேக்குவம் விழுந்துவிடும். வேக்குவம் இல்லையென்றால் பவர் பிரேக் கல்லாகிவிடும். சிக்னலில் காதுக்கு விருந்து, காலுக்குத் தண்டனை. என் இன்ஜின் கொஞ்சமாகத்தான் நொண்டும். பிரேக் பிடிக்கிறது.

இந்த ஆறு வருடத்தில் இன்ஜினைவிட அதிகம் சந்தோஷம் தந்தது கியர்பாக்ஸ் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் 70 மைல் வேகத்தில் இன்ஜின் 3,200-இல் அலறும். 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வைத்த பிறகு நான்காவது கியரில் 2,250. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம். ஒரே எச்சரிக்கை, கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிளின் நீளம் சரியாக இருக்க வேண்டும். இது வெறும் கியர் மாற்றும் கேபிள் இல்லை. உள்ளே ஆயில் அழுத்தத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. தளர்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கி, சில மைல்களிலேயே கியர்பாக்ஸ் கருகிவிடும்.

சாமான் கிடைப்பதில் 350-ஐ அடிக்க ஆள் இல்லை. ஒரு கோடையில் வடக்கு மிச்சிகன் போகும் வழியில் வாட்டர் பம்ப் கசிந்தது. சின்ன ஊர், ஒரே ஒரு உதிரிபாகக் கடை, அங்கேயே பம்ப் இருந்தது. கவுண்டரில் இருந்த பையன் இன்ஜின் எந்த வருடம் என்று கேட்டான். இதில்தான் சூட்சுமம். பிளாக்கின் வருடத்தைச் சொன்னால், நீள பெல்ட் இன்ஜினுக்கான தலைகீழாகச் சுற்றும் பம்ப்பைத் தரவும் வாய்ப்புண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் சேரும், கார் மட்டும் கொதிக்கும். என் காரில் இருப்பது பழைய வி-பெல்ட். “1969 கமாரோ” என்று மட்டும் சொன்னேன். 68-க்குக் குட்டை பம்ப், 69-க்கு நீளமானது. அவன் கொண்டுவந்ததைக் கழற்றியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

குறைகளும் உண்டு. மைலேஜ் ஹைவேயில் 16-ஐத் தாண்டாது, நம் கணக்கில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. வால்வு கவர் ஓரத்தில் எண்ணெய் வேர்க்கும். பழைய தோற்றத்துக்காக ஓரத்தில் போல்ட் போடும் கவரையே வைத்ததன் பலன் அது, சகித்துக்கொள்கிறேன். பெரிய தொல்லை சூடு. ஆகஸ்ட் மாதம் வுட்வர்டு அவென்யூவில் நடக்கும் டிரீம் க்ரூஸில் ஃபெர்ண்டேலிலிருந்து பாண்டியாக் வரை கார்கள் நடைவேகத்தில் ஊரும். ரேடியேட்டரும் ஃபேன் மூடியும் சரியாக இருந்ததால் தண்ணீர் கொதித்ததில்லை. ஆனால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் குணம் அது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த ஸ்பேசர் வைத்ததில் பாதி குறைந்தது. ஏரிக்கரைப் பக்கம் படகுகளுக்காக விற்கும் எத்தனால் இல்லாத பெட்ரோல் ஊற்றினால் மீதியும் குறைகிறது. விலைதான் அதிகம்.

தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவர், மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுகிறவர் என்றால் எல்.எஸ்.3-க்கே போங்கள் என்பேன். வார இறுதியில் எடுக்கிறவர், தன் கையால் ஸ்பேனர் பிடிக்கிறவர் என்றால் ரோலர் கேம் 350, கூடவே 700ஆர்4 போல ஓவர்டிரைவ் (ஹைவேயில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள கியர்பாக்ஸ். கையில் காசு குறைவாக இருந்தால் ஹெட்டில் குறைத்து கியர்பாக்ஸில் போடுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உட்காரும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வைக்கலாமா என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அதற்கும் டேங்குக்குள் பம்ப் வைப்பதுதான் நல்லது என்கிறார்கள். அங்குசக் கணக்கு மறுபடி ஆரம்பிக்கும் என்பதால் இன்னும் ஆர்டர் போடவில்லை.