தெரபிக்குக் காசு யார் தருவார்? நிராமயா, நிறுவன பாலிசி, சொந்த பாலிசி: ஓர் ஒப்பீடு

ஐந்து லட்ச ரூபாய்க்கு பாலிசி இருக்கும். பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு அதிலிருந்து ஐந்து ரூபாய்கூடப் பெயராது. ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு காப்பீட்டுப் பத்திரத்தைப் புரட்டும் பெற்றோர் பலரும் இடறும் இடம் இதுதான். நம் ஊர் மெடிக்ளைம், ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் என்ற அடிப்படையில் வளர்ந்தது. கண்புரை, டயாலிசிஸ் போன்ற ஒருநாள் சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த 24 மணி நேர விதி பொருந்தாது. ஆட்டிசம் தெரபியோ முக்கால் மணி நேர சமாச்சாரம். பிள்ளை ஊஞ்சலில் ஆடும், பந்தின் மேல் உருளும், படம் காட்டினால் பெயர் சொல்லப் பழகும், வீட்டுக்குப் போய்விடும். இப்படியே வாரத்துக்கு மூன்று நாள், ஆண்டுக்கணக்கில்.

ஆகவே காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை. அட்மிஷன் இல்லாமல் தெரபிக்குப் பணம் தருவார்களா, ஆண்டுக்கு எவ்வளவு, யார் கொடுத்த பில்லை ஏற்பார்கள்? இருக்கிற வழிகளை இந்தக் கேள்விகளில் உரசிப் பார்க்கலாம்.

முதலில் நிராமயா. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான நேஷனல் டிரஸ்ட் நடத்தும் திட்டம் இது. ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை காப்பீடு. வறுமைக்கோட்டுக்கு மேலுள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய், புதுப்பிக்க 250. கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு 250, புதுப்பிக்க 50. வயது வரம்பு இல்லை, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை இல்லை, 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று தள்ளுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரபி என்று பெயர் சொல்லியே பணம் தருகிறது. சந்தையில் இந்த விலைக்கு இதற்கு ஈடு கிடையாது.

குறையும் அதே இடத்தில்தான். அந்த ஒரு லட்சம் அறுவை சிகிச்சை, புறநோயாளி சிகிச்சை, தெரபி, மாற்று மருத்துவம், போக்குவரத்து என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது, பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்கு. ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் என்று வைத்து, வாரம் மூன்று அமர்வு போட்டால் மாதம் 7,800 ரூபாய் ஆகிறது. தெரபிக்கான பங்கு மூன்று மாதம்கூடத் தாங்காது. அதுவும் நாம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் கிளைம் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். 'ஜூன் மாதக் கட்டணம் ரூ. 7,800 பெற்றுக்கொண்டேன்' என்று ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தால் அது பள்ளிக் கட்டணம் போலத் தோன்றும், தள்ளிவிடுவார்கள். பிள்ளையின் பெயர், ஒவ்வோர் அமர்வின் தேதி, பேச்சுப் பயிற்சியா, ஆக்குபேஷனல் தெரபியா (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) என்ற விவரம், தெரபிஸ்டின் கையொப்பம், பதிவு எண் ஆகியவை வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டியவர்கள். எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிற மையத்தில் பிள்ளையைச் சேர்ப்பதா என்பது காப்பீட்டையும் தாண்டிய கேள்வி. கூடவே, இன்ன தெரபி இத்தனை அமர்வு தேவை என்று மருத்துவர் எழுதிய சீட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழு பாலிசி. கிடைப்பவர்களுக்கு இதுவே ஆகப் பெரிய கை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இதில் பெரும்பாலும் இருக்காது. விதிகளை எழுதுவதில் பணம் கட்டும் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அதனால் சில நிறுவனங்கள் ஆட்டிசம் தெரபிக்கென்றே ஆண்டு வரம்பு வைத்துச் சேர்த்திருக்கின்றன, சில புறநோயாளிச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்குகின்றன. எச்.ஆரிடம் "ஆட்டிசம் கவர் ஆகுமா?" என்று கேட்டால் "ஆகும்" என்று பதில் வரும், அது வலிப்பு வந்து அட்மிட் ஆனால் தருவோம் என்ற பொருளிலாகவும் இருக்கலாம். "அட்மிஷன் இல்லாத தெரபிக்கு வரம்பு எவ்வளவு?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குவதே சரி. இல்லை என்றால், அடுத்த புதுப்பித்தலுக்கு முன் அதே நிலையில் உள்ள நான்கைந்து பெற்றோர் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். தனி ஆள் காப்பீட்டு நிறுவனத்திடம் மல்லுக்கட்டுவதைவிட இதற்குப் பலன் அதிகம். வேலை போனால் பாலிசியும் போகும் என்பதுதான் இதன் பலவீனம். அதே காப்பீட்டாளரின் தனிநபர் பாலிசிக்கு மாற, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதியில் இடமுண்டு, ஆனால் தெரபிச் சலுகையும் கூடவே வரும் என்று நம்பிவிட வேண்டாம்.

சொந்தக் காசில் எடுக்கும் பாலிசியைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சைக்கு அது அவசியம்; தெரபிக்காக அதை எடுப்பது வீண். முகவர்கள் இங்கே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் காலொடிந்தவருக்கே வெளியில் செய்யும் பிசியோதெரபிக்குப் பணம் தராத பாலிசி, 'அதே அடிப்படையில்' பேச்சுப் பயிற்சிக்கும் தராது. ஆட்டிசம் வளர்ச்சிசார் குறைபாடு. அந்தச் சட்டத்தின் 'மனநோய்' வரையறைக்குள் வருமா என்பதே வாதத்துக்குரியது. மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. அவற்றை வாங்குமுன் புறநோயாளி பற்றிய பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஆட்டிசத்தை மறைக்கச் சொல்லும் முகவரை வாசலோடு அனுப்பிவிடலாம். பின்னால் நிமோனியாவுக்கான கிளைமுக்கும் அது உலை வைக்கும்.

காப்பீடே அல்லாத ஒரு போட்டியாளரும் உண்டு. மாவட்டங்களில் அரசு நடத்தும் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களில் தெரபி இலவசம். சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டு நிறுவனம் இருக்கிறது. அமர்வுகள் குறைவு, வரிசை நீளம். இருந்தாலும் வாரம் ஓர் அமர்வு அங்கே, மீதி தனியாரிடம் என்று பிரித்துக்கொண்டாலே மூன்றில் ஒரு பங்குச் செலவு குறைகிறது.

என் வரிசை இது: முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், கையோடு நிராமயா, பிறகு நிறுவன பாலிசிக்கான போராட்டம், கடைசியில் சொந்த பாலிசி. சான்றிதழுக்காகச் செய்யும் ஐசா என்ற ஆட்டிச மதிப்பீட்டில் 70 புள்ளி எட்டினால் ஆட்டிசமாகக் கொள்வார்கள். 'முத்திரை குத்திவிடுவார்களோ' என்று சான்றிதழைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்தக் கதவுகளில் பாதியைத் தாமே சாத்திக்கொள்கின்றன.

அந்தச் சான்றிதழ் இருந்தால், பழைய வருமான வரி முறையில் மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான கழிவும் (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) கிடைக்கும். 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. செலவு அதைவிடக் குறைவாக இருந்தாலும் முழுத் தொகையும் கழியும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு 75,000க்கு ஆண்டில் 23,400 ரூபாய் மிச்சம். புதிய முறையில் இது கிடையாது. அலுவலகம் எந்த முறை என்று கேட்கும்போது பழக்கத்தில் 'புதியது' என்று சொல்லிவிடாமல், இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.