வெல்லம், தேன், மாம்பழம், ஜவ்வரிசி: யூரிக் அமிலத்துக்கு எது தேவலை?

ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடிவிட்டால், எங்கள் சேலத்து வீடுகளில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி நாட்டுச்சர்க்கரை வாங்குகிறார்கள். ஏற்காடு போகிறவர்களிடம் மலைத்தேன் சொல்லி அனுப்புகிறார்கள். இதில் பயன் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ்: அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் உடல் முழுக்கப் பயன்படும். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அதைக் கையாளும் நொதி, போதும் என்று நிற்பதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி வேகமாகக் கரைந்து, மிஞ்சுவது சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் இதை 1967லேயே எழுதிவிட்டார்கள். அளவுக்கு மிஞ்சிய ஃப்ரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாகவும் மாறுகிறது.

வெல்லத்தில் இரும்பும் பொட்டாசியமும் கொஞ்சம் உண்டு, சரி. ஆனால் அதிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். தவிர, சேலம் மாவட்டத்தில் சர்க்கரை கலந்த வெல்லத்தை உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. மண்டியில் விலை கூடுதலாகக் கொடுத்தும் பழைய சர்க்கரையையே வாங்கி வரும் ஆபத்து இருக்கிறது.

தேனில் ஃப்ரக்டோஸ் சுமார் 38 முதல் 40 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேன் கனமானது: ஒரு தேக்கரண்டி 7 கிராம் வரும், சர்க்கரையோ 4, 5 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய ஒன்றே.

மல்கோவாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும். பொதுவாக 100 கிராம் மாம்பழத்தில், சுக்ரோஸின் பாதியையும் சேர்த்தால், 8 கிராம் போல ஃப்ரக்டோஸ் இருக்கிறது. நார்ச்சத்தும் வைட்டமின் சியும் கூடவே வருவதால் இரண்டு துண்டு சாப்பிடலாம். அதையே சர்க்கரை போட்டு ஜூஸ் ஆக்கினால் நிலைமை வேறு. திரவமாக இறங்குவதுதான் மோசம். அமெரிக்க ஆண்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், தினம் இரண்டு இனிப்புப் பானம் குடித்தவர்களுக்குக் கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி, வரும் வாய்ப்பு 85 சதவீதம் கூடியிருந்தது. சர்க்கரையில்லாத பானங்களில் அந்தத் தொடர்பு இல்லை.

நம்மூர் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, குளுக்கோஸ் மட்டுமே தரும். ஃப்ரக்டோஸ் வழி இதற்குக் கிடையாது. அதற்காக உப்புமாவைத் தட்டு நிறையப் போடக்கூடாது. இன்சுலின் ஏறினால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும்.

இன்சுலினும் யூரிக் அமிலமும் சேர்ந்து ஏறும் இந்த இடத்தில்தான் பெரிய விவாதம்: எது காரணம், எது விளைவு? இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று தவறினால் வளர்சிதை மாற்றக் கூட்டுநோய். யூரிக் அமிலம் அதற்குக் காரணம் என்கிறார் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ரிச்சர்ட் ஜான்சன். மரபணு வழி ஆய்வுகள் அதற்கு வலுவான ஆதரவு தரவில்லை. அதனால் மாத்திரை போட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் இறக்கினால் அந்த ஐந்தும் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. சர்க்கரையைக் குறைத்தால் ட்ரைகிளிசரைடும் சேர்ந்து இறங்கும். உலக சுகாதார நிறுவனம் தினம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. அதில் வெல்லமும் தேனும் ஜூஸும் அடக்கம், முழுப்பழம் சேராது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், காப்பியிலிருந்து. காப்பி குடிப்பவர்களுக்கும் பால் சேர்ப்பவர்களுக்கும் யூரிக் அமிலம் குறைவாக இருப்பதாகவே ஆய்வுகளில் தெரிகிறது. ஏற்காட்டுக் கொட்டையில் பால் காப்பி போடுங்கள், சர்க்கரையை மட்டும் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள்.