திருவான்மியூர் ஒரு நாள் பயிற்சி வகுப்பு: பூந்திக்கொட்டைக் கரைசல் முதல் குளியல் சோப்பு வரை, ஆறு மாதப் பயன்பாட்டிற்குப் பின்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்திற்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான் ஆதாரம். எவ்வளவு சோப்புத்தூள் போட்டாலும் துணி மொடமொடவென்று காய்வதும், வாளி விளிம்பில் சாம்பல் நிறப் பிசுக்கு ஏறுவதும், பாத்திரம் துலக்கிய பிறகு விரல் நுனிகள் வெடிப்பதும் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இருந்துவந்த தொல்லைகள். சென்ற மார்கழியில் காயலாங்கடைக்குப் போடுவதற்காக ஒரு மூட்டையைக் கட்டியபோது, அதில் பெரும்பகுதி தரை துடைக்கும் திரவமும் கழிப்பறைத் திரவமும் பாத்திரத் திரவமும் வந்த பாட்டில்களே என்பதைக் கண்டேன். 2019 டிசம்பரில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரையெங்கும் வெண்ணுரை ஒதுங்கிக் கிடக்க, அதில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தவள் நான். நம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டபாடில்லை. அதனால்தான், வீட்டுக்குத் தேவையான துப்புரவுப் பொருள்களையும் குளியல் பொருள்களையும் நாமே தயாரிக்கக் கற்றுத்தரும் ஒரு நாள் வகுப்பு திருவான்மியூரில் நடக்கிறது என்று தோழி சொன்னவுடன் பெயர் கொடுத்தேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை வகுப்பு நடந்தது. கட்டணம் 1,800 ரூபாய். மதியச் சாப்பாடும், செய்து எடுத்துச் செல்லும் பொருள்களும் அதில் அடக்கம். அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மையார் தம் வீட்டு மொட்டை மாடியில், கீற்றுப் பந்தலின் கீழ் நடத்துகிறார். அவருடைய மருமகள் துணை நிற்கிறார். விளம்பரத்தால் கூட்டம் சேர்வதை அவர் விரும்பாததால் பெயரையும் முகவரியையும் இங்கே தவிர்க்கிறேன். வகுப்பு முடிந்த கையோடு எழுதியிருந்தால் இது முழுப் பாராட்டாகவே இருந்திருக்கும். கற்றவற்றை எங்கள் வீட்டுக் கடின நீரில், எங்கள் வீட்டுத் தரையில், எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டியில் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

பூந்திக்கொட்டைப் பாடம் ஒன்றுக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம். பூந்திக்கொட்டையைப் பற்றி எல்லோரும் பொதுவாக அறிவோம். நகைக்கடையில் வெள்ளியும் தங்கமும் கழுவ அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அதைக் கெடாமல் வைத்திருக்கும் முறையும் அளவும் தெரியாததால் பலர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் என்று அம்மையார் எடைபோட்டுக் காட்டினார். இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் அகலமான பாத்திரத்தில் சிறுதீயில் இருபது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். குறுகிய பாத்திரமாக இருந்தால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். ஆறிய பின் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்ட வேண்டும். சக்கையில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மீண்டும் கொதிக்கவைத்தால் இரண்டாம் நீர் கிடைக்கும். அது தரை துடைக்கப் போதுமானது. மிஞ்சும் சக்கையையும் வீணாக்காமல் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்கக் கொடுத்தார். பளபளப்பு வந்ததை நானே பார்த்தேன்.

அது ஏன் எங்கள் நீரில் நன்றாக வேலை செய்கிறது என்பதையும் அவர் எளிமையாக விளக்கினார். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகின்றன. வாளியில் ஒட்டுவதும் துணியை விறைக்க வைப்பதும் அதுதான். பூந்திக்கொட்டையில் அழுக்கைப் பிரிக்கும் வேலையைச் செய்வது சப்போனின் என்னும் பொருள். அது சோப்பைப் போல அந்த உப்புகளோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. வண்ணத் துணிகளையும் பருத்திப் புடவைகளையும் பூந்திக்கொட்டையில் துவைக்கத் தொடங்கி மூன்றாவது வாரமே துணியின் விறைப்பு குறைந்ததை என் மாமியார்தான் முதலில் கவனித்துச் சொன்னார். வெள்ளை வேட்டிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. கடைத் தூள்களில் துணியைப் பளீரென்று காட்டும் ஒளிர்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை இல்லாமல் துவைத்தால் வெள்ளை சற்று மங்கலாகவே தெரியும். வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை. பாத்திரங்களைப் பொறுத்தவரை இட்லித் தட்டு, சாதப் பாத்திரம், டம்ளர் எல்லாம் பீர்க்கங்காய் நாரும் இந்தக் கரைசலும் கொண்டே சுத்தமாகிவிடுகின்றன. அப்பளம் பொரித்த வாணலிக்கு முதலில் சாம்பலோ அரிசி மாவோ தூவி எண்ணெயை ஒற்றியெடுத்த பிறகுதான் கரைசல் பிடிக்கிறது.

சென்னை வெயிலில் இந்தக் கரைசல் வெளியில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காமல் புளித்துவிடும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டும்போது இரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்ளும் யோசனை அம்மையாருடையது. ஒரு மாதத்திற்கான வேலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடுகிறது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதையும், மாடியில் மீன் விட்ட தாமரைத் தொட்டி இருந்தால் அதன் பக்கம் இந்த நீரைக் கொட்டக் கூடாது, சப்போனின் மீன்களைக் கொல்லும் என்பதையும் அவர் இருமுறை வலியுறுத்தினார். இயற்கையானது என்பதாலேயே எதற்கும் தீங்கு செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது என்ற அந்த எச்சரிக்கையை, தாமே விற்கும் பொருளைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னது எனக்கு அவர்மீது மதிப்பை உண்டாக்கியது.

அடுத்தது பழத்தோல் நொதி. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல்கள் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. காலி இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, 90 நாள் காத்திருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டி வாயு அழுத்தத்தில் வெடிக்கும் என்பதால் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களையே பயன்படுத்தச் சொன்னார். தூக்கியெறிய இருந்த பாட்டில்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. தோலுக்காக அலைய வேண்டியதில்லை. எங்கள் தெருமுனைப் பழச்சாறுக் கடைக்காரர் ஒரு பை நிறையத் தோலை மகிழ்ச்சியாகக் கொடுக்கிறார். இல்லாவிட்டால் அது குப்பை லாரியில்தான் போயிருக்கும். சித்திரை பிறந்தபின் திறந்தபோது புளிப்பும் பழமணமும் கலந்த பழுப்பு நீர் கிடைத்தது. தண்ணீரில் கலந்து குளியலறை ஓடுகளில் ஊற்றித் தேய்த்தால், உப்புநீர்க் கறை மெல்ல மெல்ல இளகுகிறது.

இந்த இடத்தில்தான் வகுப்பின் முதல் பெரிய குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பழத்தோல் நொதி அமிலத்தன்மை கொண்ட நீர். எங்கள் சமையலறை அலமாரித் தட்டுகள் கடப்பாக் கல்லால் ஆனவை. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. சுண்ணாம்புக் கல்லை அமிலம் அரிக்கும். வகுப்பில் "தரை, மேடை எல்லாத்துக்கும் போடலாம்மா" என்று மருமகள் சொன்னதை நம்பி, நீர் கலக்காத நொதியைத் தட்டில் தடவி ஓர் இரவு விட்டுவைத்தேன். காலையில் கரும்பளபளப்பு போய்ச் சாம்பல் திட்டுகள் தோன்றியிருந்தன. எண்ணெய் தடவியும் அவை மறையவில்லை. பளிங்குத் தரைக்கும், பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக் தரைக்கும் இதே கதிதான் நேரும். மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளில் பழைய வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் மொசைக் தரையிலேயே வாழ்கிறார்கள். நொதி ஓடுகளுக்கு மட்டும் என்ற ஒரே வரி வகுப்பில் தந்த கையேட்டில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. சமையல் சோடாவைக் கழுவுதொட்டியில் கொட்டி, அதன்மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்குவதைக் காட்டினார்கள். பலரும் கைபேசியில் படம் எடுத்தார்கள். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, கரியமில வாயு வெளியேறி, கடைசியில் நீரில் கரைந்த சோடியம் அசிட்டேட் என்ற உப்பே மிஞ்சும். பொங்கும்போது ஏதேனும் துகள் அசையலாம். அதைத் தவிர அழுக்கை நீக்கும் ஆற்றல் அதற்கு ஏதும் இல்லை. தனித்தனியாக இரண்டுமே பயனுள்ளவை: கருகிய பாத்திரத்தைச் சோடாத் தூளால் தேய்க்கலாம், குழாயின் உப்புக் கறையை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி நீக்கலாம். அன்று இதைக் கேட்டபோது மருமகள் நுரைதான் அழுக்கை இழுக்கிறது என்றார், அம்மையார் மறுக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அமிலமான எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது, கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும் என்ற எச்சரிக்கை வகுப்பில் இடம்பெறவே இல்லை. கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர் தூவும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருப்பதால், இதை ஒரு பயிற்சியாளர் விட்டுவிடக் கூடாது.

மதியத்திற்கு மேல் குளியல் சோப்பு. தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 174 கிராம் என்று மின்னணுத் தராசில் நிறுத்தார். அந்த அளவில் எண்ணெயில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கு சோப்பாகாமல் எஞ்சித் தோலுக்கு மென்மை தருகிறது. காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றக் கூடாது என்பதையும், அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது என்பதையும் செய்முறையோடு சொல்லிக்கொடுத்தார். கையுறை கொடுத்தார்கள்; கண்ணாடி கொடுக்கவில்லை. காரக் கரைசல் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து என்பதால், அடுத்து செல்வோர் பாதுகாப்புக் கண்ணாடியைத் தாங்களே எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்று: இதைக் "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று அவர்கள் சொல்வது சரியல்ல. காரம் இல்லாமல் எந்தச் சோப்பும் உருவாகாது. சரியான அளவில் செய்து ஆறு வாரம் உலரவிட்டால் அந்தக் காரம் முழுவதும் எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும் என்பதே உண்மை. பங்குனியில் அந்தச் சோப்பைப் பயன்படுத்தத் தொடங்கினோம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடின நீரிலும் நன்றாக நுரைக்கிறது; குளித்தபின் முன்போல் தோல் இழுத்துப் பிடிப்பதில்லை.

நலங்கு மாவும் பல்பொடியும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. நலங்கு மாவுக்குப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று பட்டியலும் அளவும் தந்தார்கள். எல்லாவற்றையும் மயிலாப்பூர் டப்பா செட்டி கடையில் ஒரே நடையில் வாங்கினேன். அரைக்கக் கொடுக்கும்போது மாவு மிஷினில் அதற்கு முன் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்வது அவசியம். பல்பொடியைப் பெரியவர்கள் விரும்பினால் பயன்படுத்தலாம். அதில் ஃப்ளோரைடு இல்லாததால் பிள்ளைகளுக்குப் பற்பசையை நான் நிறுத்தவில்லை. கொசுவுக்கு நொச்சியிலைப் புகை போடக் காட்டினார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுவது. பூந்தொட்டித் தட்டையும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்ப்பதே எங்கள் வீட்டில் பலன் தந்தது. மாமியாருக்கு இளைப்பு இருப்பதால் புகையை முற்றிலும் தவிர்த்துவிட்டோம்.

பூந்திக்கொட்டையையும் சோப்பையும் கைப்படச் செய்து கற்க விரும்புவோர் தாராளமாகப் போகலாம். மொசைக், பளிங்கு, கடப்பாக் கல் உள்ள வீட்டார் நொதியைப் பற்றி நான் மேலே எழுதியதை நினைவில் கொள்ளுங்கள். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க முடியாதவர்கள் பூந்திக்கொட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே நேரத்தில் ஆறு பொருள்களைத் தொடங்கிய என் தோழி இரண்டாம் மாதத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

சென்ற வாரம் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து இக்குறைகளை எல்லாம் சொன்னேன். அவர் வருத்தப்படாமல் கேட்டுக்கொண்டு, கையேட்டைத் திருத்துவதாகச் சொன்னார், பிறகு, "அந்தக் கடப்பாக் கல்லுல ஒரு துண்டு கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். பரணில் கிடந்த பழைய தட்டின் உடைந்த துண்டைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஆவணி வகுப்பில் அதன்மேல் ஒரு கரண்டி நொதியை ஊற்றி, கல்லில் என்ன நடக்கிறது என்று காட்டப்போகிறாராம்.