ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையா, ஊட்னடாட்டா தடமா?

ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கூடாரத்தோடு கிளம்பினால், இடையிலுள்ள மார்லா என்ற ஊர் வரை இரண்டு வழிகள் உண்டு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார் ரோடு. சாதாரண கார் போதும். வழியில் கூபர் பீடியில் தரைக்கடியிலேயே கூடாரம் போடலாம். ஆனால் கிளெண்டம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கி.மீ. பெட்ரோல் கிடைக்காது.

என் மனசு ஊட்னடாட்டா பக்கம்தான். தடம் தொடங்கும் மாரீ என்ற ஊரிலிருந்து மார்லாவுக்குச் சுமார் 620 கி.மீ. மண் சாலை. 1980இல் மூடப்பட்ட ‘கான்’ (Ghan) என்ற ரயிலின் பழைய பாதையைப் பெரும்பாலும் ஒட்டியே போகிறது. பாழடைந்த ஸ்டேஷன்கள், ஐர் ஏரியின் உப்பு வெளி, அப்புறம் கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரத்தை அடித்துவிட்டு ஊற்றுநீர்த் தொட்டியில் இறங்கும் சுகம்! இதற்கு ஃபோர் வீல் டிரைவ் எடுங்கள். வாடகை வண்டி என்றால், மண் சாலைக்கு அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நல்ல மழை பெய்தால் இந்தத் தடத்தையே மூடிவிடுவார்கள், அப்போது நெடுஞ்சாலைதான்.