தோல் கழலைக்கு வெற்றிலை–மிளகுக் கலவையும் குப்பைமேனி எண்ணெயும்: எது தேறும், எது தேறாது

தோல் கழலை என்பது மாடுகளுக்கு வரும் வைரஸ் நோய். மாட்டின் உடம்பில் கட்டி கட்டியாக எழும்பியதும் வாட்ஸாப்பில் வந்து விழுவது தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பும் மூலிகைக் குறிப்புதான். தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் மரபுசார் கால்நடை மருத்துவப் பணியோடு சேர்த்து அறியப்பட்டது. உள்ளுக்குக் கொடுக்க இரண்டு கலவை, மேலுக்குப் பூச ஓர் எண்ணெய். மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

முதல் கலவை எளிது. ஒரு வேளைக்கு வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், உருண்டை பிடிக்கிற அளவு வெல்லம். முதல் நாள் 3 மணி நேரத்துக்கு ஒரு தரம், மறுநாளிலிருந்து தினம் 3 வேளையாக இரண்டு வாரம். இரவையும் சேர்த்தால் முதல் நாள் 8 வேளை, பிறகு 42 வேளை. ஆக ஒரு மாட்டுக்கு 500 வெற்றிலை, அரை கிலோ மிளகு. ‘செலவே இல்லாத வைத்தியம்’ என்பவர்கள் சமீபத்தில் மிளகு வாங்கியிருக்க மாட்டார்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் கொடுக்கும் விதத்தில். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து பாட்டிலில் புகட்டுகிறார்கள். இந்த நோயில் வாயிலும் தொண்டையிலும் புண் இருக்கும், விழுங்குவதே சிரமம். புரையேறி மருந்து நுரையீரலுக்குள் போனால் கழலையில் பிழைக்க வேண்டிய மாடு நிமோனியாவில் போய்விடும். கெட்டியாக அரைத்து, வெல்லத்தோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி நாக்கில் வையுங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது.

இரண்டாவது கலவையில் சாமான் அதிகம்: பூண்டு 2 பல், கொத்தமல்லி, சீரகம், மிளகு, மஞ்சள்தூள், பிரிஞ்சி இலை தலா 10 கிராம், வெற்றிலை 5, சின்ன வெங்காயம் 2, நிலவேம்புத் தூள் 30 கிராம், துளசி, திருநீற்றுப்பச்சை, வேப்பிலை, வில்வ இலை ஒவ்வொரு பிடி, வெல்லம் 100 கிராம். இது 2 வேளைக்கு. கடையில் நிலவேம்பு கேட்டால் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் 9 சரக்கு. நிலவேம்பு ஒரு பங்குதான். பொட்டலத்தைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். அரைத்ததை ஃப்ரிட்ஜில் வைக்கவும் கூடாது. பூண்டில் காரியம் செய்யும் அல்லிசின் நசுக்கும்போதுதான் உண்டாகும், அதனால் அவ்வப்போது புதிதாக அரையுங்கள்.

சரி, இது வைரஸைக் கொல்லுமா? மஞ்சளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு வேளைக்குமான 10 கிராம் தூளில், மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் சுமார் 300 மில்லிகிராம். வளர்ந்த மாட்டின் பெருவயிறு 100 லிட்டர் தாங்கும். அதில் கலந்தால் லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஆய்வகத் தட்டில் குர்குமின் வைரஸ்களைத் தடுத்ததாகச் சொல்லும் அளவும் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஆனால் நம் கணக்கு வயிற்றுக்குள் நிற்கிறது. பெருவயிற்று நுண்ணுயிர்கள் மென்று, குடல் உறிஞ்சி, கல்லீரல் உடைத்தது போக இரத்தத்தில் மிஞ்சுவது துளி. மிளகின் பைப்பரின் உறிஞ்சுதலைக் கூட்டும் என்பது மனிதர்களிடம் பார்த்தது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு.

தட்டு முடிவுகளையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாட்டுச் சிறுநீரகச் செல்களை வளர்த்து, முதலில் சாறு செல்லையே கொல்கிற அளவைப் பார்ப்பார்கள். பிறகு வைரஸை விட்டு, அதைப் பாதியாகக் குறைக்கிற அளவைப் பார்ப்பார்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 10க்கு மேல் வந்தால்தான் பேச்சு. 2, 3 என்று வந்தால் செல் செத்ததால் வைரஸும் வளராமல் போயிருக்கலாம். இலைச் சாறுகளில் இன்னொரு ஏமாற்று உண்டு: டானின் என்ற துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும், எந்த வைரஸுக்கும் ‘வேலை செய்யும்’. ஒட்டுண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின்கூடச் செல் தட்டில் கழலை வைரஸைக் குறைத்திருக்கிறது. அதை நம்பி கறவை மாட்டுக்கு ஊசி போட்டால் பாலில் எச்சம் இறங்கும். இந்த வைரஸுக்கென்று மாட்டுக்கு அனுமதி பெற்ற மருந்து இன்றுவரை கிடையாது.

‘கொடுத்தோம், தேறிவிட்டது’ என்பதையும் சான்றாக எடுக்க முடியாது. சாவு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே. எதைக் கொடுத்தாலும் பெரும்பாலான மாடு எழுந்துவிடும். வாய் ருசிக்கும், இரை எடுக்கத் தூண்டும், கொஞ்சம் வெல்லச் சத்து உள்ளே போகும் என்ற அளவில் உருண்டையை ஏற்கலாம். காய்ச்சல் 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், மூச்சு இரைத்தால், உருண்டையை வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய்தான் இந்தத் தொகுப்பின் உயிர். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 500 மில்லி. விழுதாக அரைத்து எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கி, விழுது மணல் மாதிரி உதிர வேண்டும். அதற்கு முன் இறக்கினால் ஈரம் நின்று சில நாளில் பூசணம் பிடிக்கும். அடி கருகினால் மஞ்சள் போச்சு. தீயைக் கூட்டிவிட்டுப் பால் கறக்கப் போகிறவர்களுக்கு இந்த எண்ணெய் வராது.

ஆறியதும் புண்ணைக் கழுவி, துடைத்து, பிறகு பூசுங்கள். சீழ் மேலேயே பூசினால் உள்ளே புழு வைக்கும். புழு ஏற்கெனவே இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தாப்பழ இலை விழுது, இல்லையென்றால் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய். வைரஸை இந்தக் குப்பைமேனி எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஈ அண்டாது, புண் காய்ந்து வெடிக்காது. கடிக்கும் ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும் நோயில் அதுவே பெரிய காரியம்.

பக்கத்துக் கொட்டிலில் நோயில்லாத மாடு இருந்தால் அதற்கு உருண்டை வேண்டாம், கழலைக்கு எதிராகவும் போடப்படும் ஆட்டம்மைத் தடுப்பூசி போடுங்கள். புண்ணிலிருந்து உதிரும் பொருக்கைக் கூட்டிக் குப்பைக் குழியில் தள்ளாமல் எரித்துவிடுங்கள். காய்ந்த பொருக்கில் வைரஸ் 35 நாள் வரை உயிரோடு கிடக்கும்.