மாட்டுத் தலையைப் பதப்படுத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

எருதாட்டக் காளையின் தலையையோ ஏர் மாட்டின் தலையையோ கொம்புடன் நினைவாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கடையில் எங்களுக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பென்னாகரத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் வளர்ந்த, ஆலம்பாடி என்ற நாட்டு இனத்து எருது முதுமையால் இறந்தபோது, பின்னோக்கி வளைந்த அதன் நீண்ட கொம்புகளையாவது கண்முன் வைத்திருக்க வேண்டும் என்று அப்பா விரும்பியதால், உடலை அடக்கம் செய்துவிட்டுத் தலையை அந்தக் கடையில் ஒப்படைத்து, கேட்ட தொகையை முழுவதும் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பளிச்சென்று வெளுத்துத் தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி தரவும் செய்தார்கள்.

அந்த வேகத்தில்தான் மோசடியே இருக்கிறது. முறைப்படி செய்வதானால், தசை தானாக அழுகிக் கழலும்வரை தலையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அதன்பின் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெந்நீரில், கொழுப்பு மிதப்பது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டுத் தலைக்கு இது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வெளுப்பதற்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், அதுவும் கொம்பில் படாமல்.

இவர்களோ பல தலைகளை ஒரே டிரம்மில் போட்டுக் கொதிக்கவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போட்டிருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும். குளோரினோ எலும்பை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதத்தையே அரித்துவிடும். சுவரில் மாட்டிய சில வாரங்களில் நெற்றியில் மஞ்சள் திட்டுகள் கசிந்தன. மூக்கெலும்பின் விளிம்பைத் தொட்டால் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டியது.

பல்லில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கீழ்த்தாடையில் எட்டு மட்டுமே. எங்கள் எருது பால்பற்கள் விழுந்து எட்டும் நிலைப்பற்களாக முளைத்து, அவை தேய்ந்தும் போன கிழ மாடு. திரும்பி வந்த தாடையில், தேய்ந்த பற்களுக்கு நடுவே ஏதோ ஒரு கன்றின் சின்னஞ்சிறு பால்பற்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. டிரம்மில் உதிர்ந்தவற்றில் கைக்குக் கிடைத்ததை எடுத்துச் செருகியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "எல்லாம் மாட்டுப் பல்லுதானே சார்" என்றார் கடைக்காரர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கும் ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ! அப்பா அதைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் கொம்பையும் பல்வரிசையையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொண்டு வெளுப்பார்கள் என்று கேளுங்கள். பிளீச்சிங் பவுடர் என்று பதில் வந்தால் தலையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். புள்ளிமான் கொம்பும் இருக்கிறது என்று யாராவது விலை பேசினால் அங்கே நிற்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதோடு வாங்குவதும் குற்றம்.

பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதால், இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் ரசீதையும் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.